ஆறரை மணி மிஸ்டு கால்

அப்பா தென்காசியில் தனியாக இருக்கிறார். நானும் கணவரும் மதுரையில். மகன் கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இந்த மூன்று ஊர்களைப் பற்றியும் ஒரே நேரத்தில் கவலைப்படுவதுதான் என் முழுநேர வேலை. மிச்ச நேரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறேன்.

அம்மா போன மறு வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. கையோடு மதுரைக்கு அழைத்து வந்தேன். ஒரு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று, தெருமுனையில் போகிற டவுன் பஸ்களுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தால், எந்த பஸ் எவ்வளவு தாமதம் என்று சொல்வதற்காகக் கதவருகிலேயே காத்திருப்பார். நான் "அப்படியாப்பா" என்று சொல்லிவிட்டுக் குக்கரை வைக்கப் போவேன். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு டிரான்ஸ்பர் வந்துட்டு" என்று சொல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம் ஆனது. இந்த வயதில் குற்றால அருவிப் பக்கம் போகக் கூடாது. தினமும் காலை ஆறரை மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபேச்சு இல்லாமல் மதுரைக்கு வந்துவிட வேண்டும். அப்பா பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். மிஸ்டு கால் வந்த பிறகு நான் திரும்பக் கூப்பிடக் கூடாது. அது அவர் பேப்பர் படிக்கிற நேரமாம்.

இதைக் கேட்ட என் மகன், "தாத்தாவைக் கண்டிஷன் பெயில்ல விட்டிருக்கே. தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும், அப்படித்தானே?" என்றான். அவனும் தினமும் இரவு எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பதால் ஏற்பட்ட எரிச்சல் அது.

அப்பாவின் மிஸ்டு கால் ஒருநாளும் பிசகியதில்லை. நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போன் ஒரு முறை அடித்து ஓயும். ஆயுள் முழுக்க பஸ்களுக்கு நேரம் குறித்தவர் இல்லையா என்று பெருமையாக இருக்கும். எங்கள் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் தங்கள் பெற்றோருக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அது வரவில்லை.

காபி ஆறிப்போனது. டாய்லெட்டில் இருப்பார் என்றார் கணவர். கொஞ்ச நேரம் பொறுத்து நானே கூப்பிட்டேன். மணி முழுதாக அடித்து, எடுத்தது வேறு யாரோ.

"யக்கா, நான் ஆட்டோ ஓட்டுதேன். பெரியவுக எல்லாரையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஆஸ்பத்திரில எறக்கி விட்டுட்டேன். இந்தக் கூடை எங்கூட வந்துட்டு."

"எல்லாரையுமா? யார் எல்லாரும்?"

"அருவியில இருந்து ஏத்துனேம்லா, அவுகதான். எல்லாரும் சொட்டச் சொட்ட ஈரமா இருந்தாக. ஒருத்தரைத் தூக்கித்தான் ஏத்தினோம். இருங்க, அடுத்த போன் அடிக்கி."

அந்த மனிதர் என் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அடுத்த போனை எடுத்து, அதே சொற்களை அதே வரிசையில் இன்னொருவருக்குச் சொல்வதை நான் கேட்டேன். ஈரம் என்ற இடத்தில் அந்தப் பக்கம் ஒரு பெண் அலறியதும் லேசாகக் கேட்டது. அதற்கப்புறம் மூன்றாவது போன் அடித்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகையில் போன் பேசக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

காரில் ஏறிய பிறகு, அப்பாவின் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அருவிக்கு எப்படிப் போனார் என்று கேட்டேன். "சீசன் ஆரம்பிச்சதில இருந்து விடியக்காலையே போயிருதாகளே. உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. அக்காவின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் அவர் காய்கறி எடுக்கப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

ராஜபாளையம் தாண்டும்வரை அப்பாவின் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். வாசுதேவநல்லூர் வந்தபோது மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. மற்ற நாட்களில் அதைப் பார்த்தால் சாரல் போடும் என்று சந்தோஷப்படுவேன். அன்று அது முழுவதும் தண்ணீராகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அருவியில் திடீரென்று வெள்ளம் வந்திருக்கும், அப்பாவை அடித்துக்கொண்டு போயிருக்கும், யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். அப்பாவுக்குத் தலையில் பிடிப்பதற்கு முடி கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. கணவர் என்ன என்று கேட்டார். வேகமாகப் போங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் நின்றது. கடையநல்லூரிலிருந்து ஒரு குடும்பமே வந்து இறங்கியிருந்தது. மாடி வராந்தாவில் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு மகன் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டபடி நின்றார். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு மகள் அழுது முகம் வீங்கியிருந்தாள். ஆட்டோக்காரர் குரலைக் கேட்டவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே ஒரே ஒரு கட்டில். அதில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, தலையில் தொப்பியுடன் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவரைச் சுற்றி ஸ்டூல்களில் என் அப்பா, ஒரு டீச்சர் அம்மா, மீசை வைத்த இன்னொருவர். மூன்று பேர் நெற்றியிலும் எண்ணெய் மினுங்கியது. டீச்சர் ரம்புட்டான் பழத்தை உரித்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, நீ எதுக்கு இங்கன வந்த? பாய்க்குத்தானே தலைசுத்தல்?"

நான் நேரே அவரிடம் போனேன். அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இவர்கள் நால்வரும் ஒரு கூட்டணி. அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு, கடையநல்லூரில் ஜவுளி வியாபாரம் செய்து, இப்போது தென்காசியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கும் பாய். விடியற்காலையில் கூட்டம் சேருமுன் ஒரே ஆட்டோவில் அருவிக்குப் போய்விடுவார்கள். குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், துணியையும் பையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும். காதில் ஆபரேஷன் செய்த பாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆகவே காவல் அவர். எல்லோருடைய போனும் ஒரு வயர் கூடையில் அவரிடம் இருக்கும்.

நால்வரின் பிள்ளைகளும் காலையில் தகவல் கேட்கிறவர்கள். ஆகவே அந்த வேலையையும் பாய்தான் பார்த்தார். ஆறரை ஆனதும் கூடையிலிருந்து ஒவ்வொரு போனாக எடுத்து, அவரவர் பிள்ளைக்கு ஒரு மிஸ்டு கால். தன் மகன்கள் துபாயில் இருப்பதால் அவர்களுக்கு மட்டும் அருவியைப் போட்டோ எடுத்து அனுப்புவார். ஆக, சீசன் தொடங்கியதிலிருந்து நான் காபி ஆற்றும்போது பெருமைப்பட்டது பாயின் நேரம் தவறாமையைப் பார்த்து.

அன்று பாய் எதுவும் சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் சர்க்கரை இறங்கிக் கல்லில் சாய்ந்துவிட்டார். பெண்கள் பகுதியிலிருந்து முதலில் பார்த்தது டீச்சர். அப்பா பாயின் வாயில் கற்கண்டைப் போட்டார், ஏட்டு ஓடிப்போய் ஆட்டோவை மறித்தார். தக்க நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார் டாக்டர். கூடையை மட்டும் ஆட்டோவில் மறந்துவிட்டார்கள். பிள்ளைகளின் நம்பர் நால்வரில் ஒருவருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைன். நர்ஸிடம் அதைக் கொடுத்திருக்கிறார். அந்த லைனை எடுத்துப் பல வருஷம் ஆகிறது.

வராந்தாவில் பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசினோம். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்லப்பட்டிருந்தது. டீச்சரின் மகனுக்கு, அம்மா மூட்டுவலியால் வாசல் தாண்டுவதில்லை. ஏட்டின் மகளுக்கு, அப்பா காலையில் தியான வகுப்பில் இருக்கிறார். எனக்குப் பேப்பர். நாங்கள் மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் விசாரணையை ஆரம்பித்தோம்.

ஏட்டு எங்களைக் கையமர்த்தினார். "விசாரணைன்னா ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டுக் கேக்கணும். இப்படிக் கும்பலா வச்சுக் கேட்டா ஒருத்தர் சொல்லுததைக் கேட்டு அடுத்தவன் மாத்திச் சொல்லிருவான்."

கட்டிலில் இருந்த பாய்க்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. குளுக்கோஸ் குழாய் ஆடியது. என்னைப் பார்த்து, "தாயி, இன்னிக்கு மட்டும் லேட்டாயிட்டு. மன்னிச்சுக்கோ" என்றார். அவரிடம் என்ன கோபப்படுவது?

மத்தியானம் ஆட்டோக்காரர் கூடையோடு வந்தார். எல்லா போனும் அடித்து அடித்துச் செத்துப்போயிருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் பேச்சை எடுப்பதற்குள் அப்பா பீரோவைத் திறந்தார். வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். மருந்து டப்பா, கண்ணாடிக் கூடு, அம்மாவின் படம்.

"என்னப்பா செய்யுறீங்க?"

"ஒரு நாள் தவறினாலும் வருதேன்னு சொன்னேம்லா. தவறிட்டு. டைம் விட்டா டிரிப் கேன்சல்தான்."

என் மேல் கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். அவர் அமைதியாகப் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. நான் உதவப் போகவில்லை. எங்கள் பால்கனி ஞாபகம் வந்தது. காலையில் நாங்கள் கிளம்பிச் சாயங்காலம் திரும்பும்வரை அங்கே அவர் மயங்கிச் சாய்ந்தாலும் பார்க்க ஒருவர் கிடையாது. பாய் சாய்ந்ததும் மூன்று பேர் ஈரத்தோடு ஓடியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க எப்பப் போறீங்களோ போங்க. நாளைக்குக் கூடைக்கு ஆள் இல்ல. காலையில வந்து உக்காரு." நாற்பது வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்த குரல் அது. சரி டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியலில் பாயின் கல்லில் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் வயர் கூடை. சாரல் முகத்தில் அடித்தது. அப்பா அருவியின் நடுவுக்குப் போகவில்லை. ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏட்டின் தோளோடு தோள் சேர்ந்து நின்றார். வழுக்கைத் தலையில் தண்ணீர் விழுந்து தெறித்தது. ஏதோ சத்தம் போட்டுச் சொன்னார், ஏட்டும் பதிலுக்குச் சத்தம் போட்டார். இருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

ஆறரை ஆனது. டீச்சரின் போனை எடுத்து நாகர்கோவிலுக்கு அடித்தேன். மிஸ்டு கால் கொடுக்க முடியவில்லை. பாதி மணியிலேயே அவர் எடுத்துவிட்டார். திருநெல்வேலியும் அப்படித்தான். நன்றாகக் குளிக்கிறார்கள் என்று இருவரிடமும் சொன்னேன். துபாய்க்கு ஒரு போட்டோ எடுத்து, வாப்பா இன்று டிஸ்சார்ஜ் என்று எழுதி அனுப்பினேன்.

கடைசியில் அப்பாவின் போன். என் நம்பரைத் தேடினேன். பெயர் இருக்கிற இடத்தில் 'கண்ட்ரோலர்' என்று போட்டிருந்தது. டிப்போவில் டைம் கீப்பர்களை விரட்டுகிற அதிகாரிக்கு அந்தப் பெயர். அழுத்தினேன். என் கைப்பைக்குள் என் போன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

அப்பா எதிரில்தான் நிற்கிறார், கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் முந்தின நாள் காலையிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மூச்சு அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பா கரையேறி வந்தார். குளிரில் பல் தந்தியடித்தது. கூடையை எட்டிப் பார்த்தார்.

"டயத்துக்குக் குடுத்தியா?"

"கொஞ்சம் லேட்டுப்பா. அவங்க எல்லாரும் போனை எடுத்துட்டாங்க."

"அப்போ பைய வண்டியில ஏத்திரட்டா?"

தென்காசியை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷமாக என் வாயில் வராத ஊர்ப் பேச்சு அன்று வந்தது.

"வேண்டாம்பா. எனக்குக் கால் வந்துட்டு."