அநாமத்துப் பொம்மைக்குக் கட்டம் இல்லை

விருத்தாசலத்தில் எம்.சி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் வேண்டுமென்றால் சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். ரெடிமேடாக ஒரு ஆஸ்பத்திரியையோ நூலகத்தையோ சி.டி.யில் வாங்கி வந்துவிடுவார்கள். 2006இல் ஜெசி அப்படிச் செய்யவில்லை. நேர்மை என்று யாரும் உருக வேண்டாம், கையில் காசில்லை. அம்மா வேலை பார்க்கும் பொதுச் சூளையையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டாள்: எந்தக் கம்பெனிப் பொம்மை எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு வைக்கும் ப்ரோகிராம்.

அம்மா உபகாரமேரிக்கு வெந்த பீங்கான் பொம்மைகளைச் சூளை வண்டியிலிருந்து இறக்கும் வேலை. பல கம்பெனிகளின் பொம்மைகளும் ஒரே வண்டியில் வேகும். எது யாருடையது என்று தெரிய, அடியில் ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு வைத்திருப்பார்கள். சில பொட்டுகள் சூட்டில் அழிந்துபோகும். அவை அநாமத்து. அநாமத்தெல்லாம் இறக்குகிற பெண்களுக்கு. யாரும் எடுத்துக்கொள் என்றதில்லை, ஏன் எடுத்தாய் என்றதுமில்லை. அவற்றை வேப்பூரில் நிற்கிற பஸ்களில் விற்றுத்தான் உபகாரமேரி மகளுக்கு ஃபீஸ் கட்டினாள்.

ராஜ்மோகன் சார் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் அனாலிசிஸ் நடத்துகிறவர். ப்ரோகிராம் எழுதுமுன் தொழிலில் புழங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும், எது யாருக்குச் சொந்தம் என்று கோடு இழுக்க வேண்டும், விதிவிலக்கு உண்டா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும் என்பார்.

ஜெசியின் படத்தைப் பார்த்து வகுப்பில் கேட்டார். "ஏம்மா, ஓனர் இல்லாத பொம்மைன்னு ஒண்ணு வருமா?"

"வரும் சார்! வேப்பூர்ல பஸ்ஸு நின்னா ஜன்னலுக்கே வரும்!" என்றான் பின்பெஞ்சு பிரின்ஸ். வகுப்பு சிரித்தது. தெரிந்து சொன்னானா, வாய் அரிப்பா, தெரியவில்லை.

"வராது சார்" என்றாள் ஜெசி.

"அப்ப ஒவ்வொரு பொம்மைக்கும் ஓனர் கட்டாயம்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். மார்க் பிரமாதமாக வந்தது.

மட்டமான ப்ராஜெக்டாக இருந்திருந்தால் அலமாரியில் கரையானுக்குப் போயிருக்கும். நன்றாக இருந்து தொலைத்தது. சூளைச் சங்கச் செயலாளர் கலியமூர்த்தி அதை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்.

"எம் பொண்ணு போட்டது அக்கா" என்று கூட வேலை செய்யும் கனகாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள் உபகாரமேரி.

உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அதுவரை யாரும் ஒப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் ஒப்பிட்டது. உடைசலைக் கழித்தும், ஓனர் இல்லாத அநாமத்தின் அளவுக்குத் துண்டு விழுந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம், ஆகவே மனுஷிதான் திருடியிருக்க வேண்டும். உபகாரமேரியின் கூடையைக் கொட்டி, உள்ளேயிருந்த பொட்டில்லாத பொம்மைகளைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

ஜெசி கலியமூர்த்தியிடம் ஓடினாள்.

"எங்கம்மா மேல தப்பு இல்லீங்க ஐயா. பொட்டு அழிஞ்சத எறக்குறவங்க எடுத்துக்கறது வழக்கம். நான்தான் அதுக்குக் கட்டம் போடாம வுட்டுட்டேன்."

"வழக்கமா? எத்தினி வருஷமா?"

"நான் பொறந்ததுலேர்ந்துங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இந்த மாசம் மட்டுந்தான்னு நெனச்சேன் பாப்பா. நீ வருஷக்கணக்கு சொல்றியே! வெளிய சொல்லிடாத. அப்பறம் மத்த பொம்பளைங்களையும் நிறுத்தணும்."

அதைக் கருணையோடுதான் சொன்னார். ஜெசி வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் உபகாரமேரி. "என்னாடி சொன்னாரு?"

"பாக்கறேன்னாரும்மா."

உபகாரமேரி நம்பினாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, வேலைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, சூளையிலிருந்து ஆள் வந்து கூப்பிடுமென்று உட்கார்ந்திருந்தாள்.