ஜெயபாரதியின் முறை வந்த வெள்ளிக்கிழமை

நவ்ரஸ் என்று ஒரு நாடு இருப்பது உங்களுக்குத் தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். அங்கே பாதி வாழ்க்கையை ஓட்டிய என்னையே கீழக்கரையில் என் சொந்தக்காரர்கள் "துபாய்க்காரர்" என்றுதான் சொல்லுகிறார்கள். கத்தாருக்கும் அபுதாபிக்கும் நடுவே கடலில் கிடக்கிற தீவு அது. ஒரு துறைமுகம், ஒரு அரண்மனை, ஒரு ரவுண்டானா, மிச்சமெல்லாம் லேபர் கேம்ப். காரில் ஒரு சுற்று சுற்றி வந்தால், போகும்போது வைத்துவிட்டுப் போன டீ ஆறியிருக்காது.

அந்த ரவுண்டானாவை ஒட்டி எனக்கு ஒரு கடை. பெயர்தான் மளிகைக் கடை, பிழைப்பு ஓடியது ஃபோன் கார்டில். ஊருக்குப் பேசாமல் எவனுக்கும் வெள்ளிக்கிழமை விடியாது, கார்டு இல்லாமல் எவனும் பேச முடியாது. அப்படிப்பட்ட என் தொழிலுக்கே உலை வைக்கிற ஒரு பொழுதுபோக்கை என் கடை மொட்டைமாடியிலேயே ஒருவன் நடத்தினான். இடம் கொடுத்த மடையன் நானேதான்.

அவன் பெயர் சோலைமுத்து. அருப்புக்கோட்டைப் பக்கம். துறைமுகக் கம்பெனியில் சாரம் கட்டுகிற வேலை. எவ்வளவு உயரத்துக்கும் ஏறுவான், ஆனால் வாயைத் திறக்க மட்டும் அவனுக்கு அப்படி ஒரு தயக்கம். கடைக்கு வந்தால் சோப்பை விரலால் காட்டுவான். விலை ஏறியிருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டான். வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் உண்டா? அதனாலேயே அவனை எனக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் அல்லாஹ் மன்னிப்பானாக.

இந்த ஊமைக்கோட்டானுக்குத்தான் ஹாம் ரேடியோப் பைத்தியம் பிடித்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்து, உலகத்தில் அதே கிறுக்குப் பிடித்த மற்றவர்களோடு ஆகாயம் வழியாகப் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. ஒவ்வொருவருக்கும் வண்டி நம்பர் மாதிரி ஒரு அழைப்புக்குறி உண்டு. காசு பணம் கிடையாது. பேசியதற்கு அடையாளமாகத் தபாலில் ஒரு அட்டை வரும், அவ்வளவுதான்.

நவ்ரஸில் இதற்கு ஒரு கிளப் இருந்தது. ஆரம்பித்த அரபிகளுக்கு ஆசை தீர்ந்து, வெள்ளிக்கிழமை தூக்கம்தான் பெரிதாகிவிட்டது. அந்தச் சமயத்தில் ஒரு மணல்காற்றில் கிளப்பின் ஏரியல் கம்பம் சாய்ந்தது. அதை நிமிர்த்தக் கம்பெனி அனுப்பிய ஆள் சோலைமுத்து. கட்டி முடித்து இறங்கியவனிடம் கிளப் செயலாளர் மைக்கை நீட்டி, "சரியா இருக்கான்னு நீயே பேசிப் பார்" என்றார். இவன் பயந்துகொண்டே ஹலோ என்றான். ஜப்பானிலிருந்து ஒரு மனிதர் "வணக்கம், நண்பரே" என்று இங்கிலீஷில் பதில் சொன்னார். கெட்டது குடி! அன்று பிடித்த பிடியை அவன் விடவே இல்லை. படித்தான், பரீட்சை எழுதினான், உரிமம் வாங்கினான். கிளப் ஒரு பழைய பெட்டியைக் கொடுத்தது. கேம்பில் ஏரியல் கட்ட அனுமதி இல்லை என்று என்னிடம் வந்து நின்றான். என்னிடம் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"பாய், ஒங்க மாடியில ஒரு கம்பம் நட்டுக்கிறட்டுமா?"

"நட்டுக்க. துணி காயப்போடவும் ஆகும்," என்றேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. தபால்தலை சேர்க்கிறவர்கள் போல ஹாம்கள் நாடு சேர்ப்பார்களாம். எந்தெந்த நாட்டோடு பேசினோம் என்பதுதான் அவர்களுக்குப் பெருமை. உலகத்திலேயே கிடைக்காத நாடுகளில் ஒன்று நவ்ரஸ். அங்கிருந்து பேச இருந்த ஒரே ஆள் சோலைமுத்து. அவன் மைக்கைப் பிடித்து "யாராவது இருக்கிறீர்களா" என்று ஒருமுறை கேட்டால் போதும், அந்தச் சின்னப் பெட்டிக்குள் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே இறங்கிவிடும். ரஷ்யாக்காரன் கத்துவான், பிரேசில்காரன் கத்துவான், டாக்டர், வக்கீல், பாதிரியார் எல்லோரும் தங்கள் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் இவன் நிதானமாக ஒவ்வொருவராகப் பிடித்து, "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, ஃபைவ் நைன்" என்று சொல்லி அனுப்புவான். அதுதான் அவர்கள் பாஷையில் முழு மார்க்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து உலகத்தை வரிசையில் நிறுத்தும் இந்தச் சோலைமுத்துவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சைட்டில் அவனை ஃபோர்மன் "ஏய், இதர் ஆவ்" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவான். இங்கே ஒரு ஜெர்மன் நீதிபதி "தயவுசெய்து என்னையும் கொஞ்சம் கவனியுங்கள் ஐயா" என்று கெஞ்சினார். எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அடிக்கடி மாடிக்கு ஓடுவேன்.

இரண்டாயிரத்து இரண்டில் லீவுக்குப் போனவன், மனைவி ஜெயபாரதிக்குத் தன் குரலைக் கேட்கிற மாதிரி ஒரு ரேடியோவை வாங்கி வைத்துவிட்டு வந்தான். அவள் அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள். வெள்ளிக்கிழமைகளில் இவன் உலகத்தோடு பேசுவதை அவள் அங்கே உட்கார்ந்து கேட்பாள். சந்தோஷப்படுவாள் என்று இவன் நினைத்தான். அடுத்த ஃபோனில் அவள் காய்ச்சி எடுத்துவிட்டாளாம்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறீக. நான் இங்க ஒக்காந்து ம் கொட்டிக்கிட்டே இருக்கேன், அது ஒங்களுக்குக் கேக்குதா? எனக்கும் பதில் பேசணும்."

பேசுவது என்றால் உரிமம் வேண்டும். சரி, எழுதுகிறேன் என்று கிளம்பினாள் மகராசி. மதுரை ஹாம்களிடம் பாடம் கேட்டாள், சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள், முதல் தடவையிலேயே பாஸ். அதற்கப்புறம் வந்தது போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வந்த ஏட்டு, "வயர்லெஸ் எதுக்கும்மா ஒங்களுக்கு? யாரோட பேசப்போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டுக்காரரோட" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "அதுக்கு ஃபோன் இருக்கே?" என்றாராம். என் மனதிலும் அதே கேள்விதான், ஆனால் நான் கேட்கவில்லை. காகிதம் மேசை மேசையாக ஊர்ந்து, உரிமம் வந்து சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. மதுரைக்காரர்கள் கையாலேயே ஒரு குட்டிப் பெட்டியைச் செய்துகொடுத்து, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மரத்துக்குமாக ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார்கள்.

முதலில் பேசுகிற ஆள் யார் என்பது ஹாம்களுக்குக் கடைசிவரை மறக்காதாம். "நான் மொதல்ல பேசுனா அவுகளோடதான் பேசுவேன்" என்று ஜெயபாரதி அடம்பிடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சோலைமுத்துவைக் கம்பெனி அபுதாபியில் இருக்கிற ருவைஸுக்கு மாற்றிவிட்டது. விசா ரத்தானால் நவ்ரஸ் உரிமமும் கலாஸ், முடிந்தது. ருவைஸ் கேம்பில் கம்பம் நட யாரும் விடப்போவதில்லை. அவனுக்குத் தீவில் மிச்சமிருந்தவை இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான்.

முதல் வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ தொழுகை முடித்து மாடிக்கு ஏறியபோது அவன் சவரம் செய்து, தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். "என்னடா, பொண்ணு பார்க்கவா போறே? அவளுக்கு ஒன் மூஞ்சி தெரியாதுடா," என்றேன். சிரித்துக்கொண்டே அழைத்தான். உடனே உலகம் வந்து விழுந்தது. சாயங்காலம் வரை பிடித்துப் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தான். இந்தியாவிலிருந்து கல்கத்தாக்காரர் வந்தார், கொச்சிக்காரர் வந்தார். ஜெயபாரதியைக் காணோம். பிறகு பொழுது சாய, ரேடியோ அலை மங்கி, பெட்டி வெறுமனே இரைந்தது.

கீழே வந்து என் கடைக் கார்டைச் சுரண்டியே அவளைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடச்சொன்னேன்.

"ஏன் ஜெயா கூப்புடல? பெட்டி கெட்டுப்போச்சா?"

"கூப்புட்டேனே. ஒரு தடவ நம்பரச் சொன்னேன். எனக்கு முன்னாடி அம்புட்டுப் பேரு நின்னாக. நான் எப்படிக் குறுக்க பூர்றது? மொற வரட்டும்னு ஒக்காந்திருந்தேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "தங்கச்சி, அது ரேஷன் கடை இல்லம்மா! அங்க மொறையே கெடையாது, கத்துறவனுக்குத்தான்!" என்று கத்தினேன். இவனாவது "இந்தியா மட்டும் வாங்க" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? அப்படிச் சொல்கிற வழக்கம் உண்டாம். கேட்டால், "காத்துக் கெடக்குறவுகளத் தள்ளிட்டு எம் பொண்டாட்டிய மட்டும் கூப்புட்டா தப்பில்லையா பாய்?" என்கிறான். ஜாடிக்கேற்ற மூடி! இரண்டு நல்லவர்களும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே அந்த நாளைத் தொலைத்துவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பேசாமல் சோப்பை விரலால் காட்டினான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் கடைசி. மறுநாள் காலை படகு. விஷயம் தெரிந்து, கேம்பில் இவனோடு ஒரே அறையில் இருந்த பொன்னுச்சாமி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். நான் பிரியாணிப் பொட்டலங்களோடு ஏறினேன். சோலைமுத்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நவ்ரஸின் குரல் அன்றோடு நிற்கப்போகிறது என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இந்தியா மட்டும்னு சொல்லித் தொலைடா," என்றேன். ஒருவழியாகச் சொன்னான். மற்றவர்கள் கேட்டால்தானே? கடைசி நாள் அல்லவா, எல்லோரும் முண்டியடித்தார்கள். வெயில் சாயத் தொடங்கியது.

அப்போது ஒரு கனத்த குரல் எல்லோரையும் மீறி வந்தது. இத்தாலிக்காரர். இவனோடு பலமுறை பேசியவர். "நண்பரே, உங்களைக் கூப்பிட்டு ஒரு பெண்குரல் ரொம்ப மெலிதாக விடாமல் வருகிறது. இந்தியா. உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றார்.

சோலைமுத்து மைக்கை அழுத்தினான். "அது என் மனைவி," என்றான். "இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசப்போகிறாள். எனக்கு இது கடைசி நாள்." இங்கிலீஷில் அவ்வளவுதான் சொன்னான்.

இத்தாலிக்காரர் உடனே, "எல்லோரும் நிறுத்துங்கள்! அந்த அம்மா பேசட்டும்," என்று அதட்டினார். ரஷ்யாக்காரர் அதையே தன் பாஷையில் சொன்னார். ஜப்பான்காரரும் சொன்னார். ஒவ்வொரு குரலாக அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியில் லேசான இரைச்சல் மட்டும்தான் மிச்சம். உலகத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ, எனக்குத் தெரியாது.

"விக்டர் யூனிஃபார்ம்..." என்று ஆரம்பித்து, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் தன் நம்பரைச் சொன்னது. பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. விக்டர் யூனிஃபார்ம் என்றால் வி, யூ; இந்திய நம்பர்கள் அப்படித்தான் தொடங்குமாம்.

இவன் அவள் நம்பரைத் திருப்பிச் சொன்னான். "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது. ஃபைவ் நைன்." கேட்டது பாதிகூட இல்லை. பொய் மார்க். ஆனால் அழுதுகொண்டே போட்டான்.

"ஒங்களுக்கும் ஃபைவ் நைன்," என்றாள். பொன்னுச்சாமி கைதட்டப் போனான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சட்டப்படி அவ்வளவு போதும். பேசியாயிற்று, கணக்கில் ஏறியாயிற்று. ஆனால் யாரும் குறுக்கே வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் அவள் குரல் மறுபடி வந்தது.

"என்னங்க... சாப்டீகளா?"

இவன் திருதிருவென்று விழித்தான். இத்தாலிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சொன்னார்கள்? எங்களுக்கும் சொல்லலாமா?" என்றார்.

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்," என்று மொழிபெயர்த்தான் சோலைமுத்து.

பிறகு இத்தாலிக்காரர் கேட்டார், "சரி, சாப்பிட்டீர்களா?" அவ்வளவுதான். ஜெர்மன் நீதிபதி "சாப்பிட்டீர்களா?" என்றார். பிரேசில், ரஷ்யா, ஜப்பான், பெயர் தெரியாத ஏதேதோ ஊர்க்காரர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே அதையே கேட்டார்கள். பெட்டி முழுக்க அந்த ஒரே கேள்வி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை.

"இன்னும் இல்ல ஜெயா," என்றான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மொதல்ல போய்ச் சாப்புடுங்க," என்றது அருப்புக்கோட்டை.

சோலைமுத்து மைக்கை அழுத்தினான். வரிசையில் இன்னும் உலகமே நின்றது. "மன்னியுங்கள் நண்பர்களே, என் மனைவி சாப்பிடப் போகச் சொல்லிவிட்டாள். நவ்ரஸ் நிலையம் மூடப்படுகிறது," என்று சொல்லிப் பெட்டியை அணைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "பாய், அந்தப் பொட்டலத்த எடுங்க," என்றான்.