நாலு நொடி

ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடும் சினிமா ரசிகர்களில் அந்த மின்வாரியக் குமாஸ்தா மட்டும்தான் இயக்குநர் கட்சி. முப்பது வருஷத்துப் பழைய படத்தை இயக்குநரே திருத்தி டிஸ்க்கில் வெளியிடுகிறார் என்றதும் மற்றவர்கள் குதித்தார்கள்.

"நாம பார்த்து வளர்ந்த படம்யா. இப்போ அதுல கை வைக்க அவர் யாரு?" என்றார் கடைக்காரர்.

"பெத்தவருக்கு இல்லாத உரிமை உனக்கா?" என்று எகிறினார் குமாஸ்தா. அதோடு விட்டாரா? அந்தப் படத்தின் தன் பழைய வீடியோ கேசட்டை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் நாடாவை உருவிக் குப்பையில் போட்டார். அப்படி ஒரு வீம்பு.

டிஸ்க் வந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து ரயில் நிலையக் காட்சிக்காகக் காத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அவர் மனைவி கூட்டத்தில் ஒருத்தியாக நடித்த காட்சி அது. பெட்டியோடு நடந்து, திரும்பிச் சிரிப்பாள். நாலே நொடி. அவள் செத்து ஆறு வருஷமாகிறது; அவள் நடப்பதும் சிரிப்பதும் வேறெதிலும் பதிவாகவில்லை. கேசட்டில் மங்கிப்போன முகம் டிஸ்க்கில் பளிச்சென்று தெரியும் என்றுதான் மனுஷன் இத்தனை வாதாடியதே.

நடைமேடை வெறிச்சோடிக் கிடந்தது. இயக்குநர் கூட்டத்தையே அழித்துவிட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு கடைக்காரர் வம்புக்கு இழுத்தார். "என்னய்யா, உங்காளு படத்தைப் பார்த்தியா? என் பழைய கேசட் இங்கேயே பத்திரமா இருக்கு. வேணுமா?"

"அந்தக் குப்பையை நீயே வச்சுக்கோ" என்றார் குமாஸ்தா. சொல்லிவிட்டு, அது எந்த அலமாரியில் இருக்கும் என்று கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தார்.