வடியவிட வேண்டிய தண்ணீர்

காலை ஆறு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் சைக்கிளை மிதித்துப் போகிறேன். எதிரே வருகிறவர்கள் ‘ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ‘எந்த மடையைத் தொறக்கப் போற?’ என்று ஒருவர்கூட மறித்துக் கேட்பதில்லை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் பிறந்தவன் நான். இந்த நாட்டின் குளிர் எனக்குப் பழகிவிட்டது. அரைவேக்காட்டுச் சோற்றில் பாலாடைக்கட்டியைக் கிளறித் தின்பதும் பழகிவிட்டது. சண்டை இல்லாத வாய்க்கால் மட்டும் இன்னும் பழகவில்லை.

நான் இருப்பது இத்தாலியின் வடக்கே, நெல் விளையும் சமவெளியில். வரப்பில் நின்றால் தூரத்தில் பனி மூடிய மலை தெரியும். அது வரைக்கும் நெல்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மலேசியாவில் தட்டு கழுவினேன், கத்தாரில் சாரம் கட்டினேன், மாலத்தீவில் படகுக்கு மீன் பெட்டி ஏற்றினேன். எங்கும் சேர்ந்தாற்போல் மூன்று வருடம் இருந்ததில்லை. சில இடங்களில் அனுப்பிவிட்டார்கள், சில இடங்களில் நானே கிளம்பிவிட்டேன். எங்கள் பங்குக் கோயில் வழியாகத் தெரிந்த ஒருவர், இங்கே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் கேட்கிறார்கள் என்றார். அக்வயோலோ என்று அந்த வேலைக்குப் பெயர். நாற்பத்தொரு வயதில், முதல்முறையாக எனக்குத் தெரிந்த வேலைக்கு வெளிநாடு வந்தேன். ஒரு பருவம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டும். மறுவருடம் வேண்டுமென்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வரலாம்.

மே மாதத்தில், தண்ணீர் நிரப்பிய வயலில் டிராக்டரை ஓட்டி விதை தூவினார்கள். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. விதை தண்ணீருக்குள்ளேயே முளைத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சையாக மேலே எட்டிப் பார்த்தது. முதலாளி பியெரோ அறுபது வயதுக்காரர். மகளைப் பார்க்க வெளியூர் கிளம்பியவர், காரில் உட்கார்ந்தபடி தெற்கு வயலைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். நாலு நாட்டில் தலையாட்டியே பிழைத்தவன் நான்.

மறுநாள் தெற்கு வயலுக்குப் போனால், தண்ணீர் வெளியேறும் மடையில் பலகை இல்லை. பலகை கரையில் கிடக்கிறது. தெளிந்த மலைத் தண்ணீர் சலசலவென்று வடிகாலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை தண்ணீரும் வீண் என்று நினைத்தேன்.

எங்கள் அப்பா கோயில் நிலம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு உழுதவர். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலைத் தொடும்போது மேல்மடைக்காரர்கள் நட்டு முடித்திருப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில், வரப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் சாப்பிடப் போனார். நண்டு வளை ஒன்றின் வழியாகத் தண்ணீர் பக்கத்துத் தரிசுக்குக் கசிந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்தவர் முதலில் என்னை அறைந்தார். பிறகு அந்த வளையில் தன் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு, “களிமண்ணு எடுத்தாடா, நிக்கிறான் பாரு!” என்று கத்தினார். அறை மறந்துவிட்டது. குதிகால் மறக்கவில்லை.

ஆகவே இங்கே நான் யோசிக்கவே இல்லை. பலகையைத் தூக்கி மாட்டி, சந்துகளில் களிமண்ணை அப்பினேன். பெருமையாகப் படம் எடுத்து என் மனைவி ஆரோக்கியமேரிக்கு அனுப்பினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது: “மொதலாளி வந்தா சொல்லிக் காட்டுங்க. நீங்க இல்லன்னா அவரு வயலு கருவாடாயிருக்கும்னு.”

அன்று மத்தியானம் மலையிலிருந்து காற்று இறங்கியது. மறுநாளும் அடித்தது. மண்ணின் மேலேயே முளைக்கும் விதைக்கு வேர் முதலில் தண்ணீரில்தான் தொங்கும். அது மண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் சில நாள் வயலை வடியவிட வேண்டும். பியெரோ பலகையை எடுத்துவிட்டுப் போனது அதற்காகத்தான், காரிலிருந்து சொன்னதும் அதைத்தான். எனக்கு இது தெரிய வந்தபோது காற்று நின்றிருந்தது. பிடிப்பில்லாத பயிர் மிதந்துபோய், கூட்டி ஒதுக்கிய குப்பைபோல வயலின் ஒரு மூலையில் கிடந்தது. எதிர்ப்பக்கம் ஒரு மாவுக்குக் குறையாமல், அதாவது முப்பது நாற்பது சென்ட், வெறும் சேறு.

பியெரோ திரும்பி வந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செல்போனில் ஏதோ பேசினார். அது செய்தி வாசிக்கும் பெண் குரலில் தமிழில் கேட்டது: “நீ ஏன் மூடினாய்?”

“தண்ணி வீணாப் போச்சு” என்றேன். செல்போன் அதை அவருக்குச் சொன்னது. அவர் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

“எப்படி வீணாகும்? கீழே உள்ள வயலுக்குத்தானே போகிறது? அந்த வயல்காரர் இரண்டு நாளாகக் காத்திருந்தார்.”

பரம்பரையாக மேல்மடைக்காரர்களைத் திட்டிய வீட்டுப் பிள்ளை, கடல் தாண்டி வந்து மேல்மடைக்காரன் வேலையைச் செய்திருக்கிறேன். பியெரோ மறுபடி செல்போனில் பேசினார். பெண் குரல் மாறாமல் சொன்னது: “அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்கிறேன்.”

பெட்டி கட்டுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் தட்டு கழுவத் தெரியாமல் அனுப்பப்படுவது வேறு, தண்ணீர் கட்டத் தெரியாதவன் என்று அனுப்பப்படுவது வேறு. போகக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்றே பலகையை எடுத்து வயலை வடித்தேன். மூலையில் ஒதுங்கியதில் உயிருள்ள பயிரைப் பொறுக்கினேன். மறுநாள் காலை வெறும் சேற்றில் இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. எனக்கு நடத் தெரியாது. எங்கள் பக்கம் ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், கைப்பிடி நாற்றை ஒரு முடியாகக் கட்டி வீசுவார்கள். குனிந்து நடுவது பெண்கள். மேரி பதினைந்து வயதிலிருந்து நட்டவள். மண்வெட்டியைக் கரையில் ஊன்றி, காம்பில் செல்போனைக் கட்டி, வீடியோவில் அவளை அழைத்தேன். ஊரில் அப்போது பத்து மணி. நூறு நாள் வேலையில் குளம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க இது, பீடி புடிக்கிற மாதிரி நாத்தப் புடிச்சிருக்கீங்க?”

“சொல்லிக் குடு. சிரிக்காத.”

“ஒத்த நாத்து நடவுதான் இது, பிஞ்சு நாத்து. ரெண்டு வெரல்ல வேரோட புடிங்க. மேலாக்க வைங்க, மேலாக்க! கொடிக்கம்பமா நடுறீங்க?”

அதற்குள் அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி திரைக்குள் முகத்தை நுழைத்து, “அண்ணே, முன்னாடி போவாதீங்கண்ணே, நட்டதையே மிதிக்கிறீங்க! பின்னாடி வாங்க” என்றாள். இன்னொருத்தி, “அக்கா, அண்ணன அனுப்பிவுடு, நம்ம செட்டுக்கு ஓராளு கொறையிது” என்றாள். மொத்தப் பேரும் சிரித்தார்கள். சுற்றிப் பார்த்தேன். என் பக்கம் சிரிக்க யாருமில்லை. நாரைகள்தான் நின்றன.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இருட்டும்வரை. நடுவில் வழக்கமான வேலை. மூன்றாம் நாள் முதுகு நிமிரவில்லை. கயிறு பிடிக்காமல் நட்டதில் வரிசை பாம்பாக நெளிந்தது. “போன் பண்ணாதப்ப எப்புடி நட்டீங்கன்னு வரிசையிலயே தெரியுது” என்றாள் மேரி. பாதிக்கு மேல் அழுகிப் போனதால் பயிர் போதவில்லை. அடர்ந்து முளைத்த இடங்களில் இடையிடையே பிடுங்கி எடுத்துவந்து நட்டேன். ஐந்தாம் நாள் பியெரோ வந்து கரையில் நின்றார். நான் நிமிரவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் மாலை முடித்தேன்.

ஜூன் பாதியில் அந்தத் துண்டு தேறியது. மற்ற இடத்தைவிடக் குள்ளம், ஆனால் தூர் பெருத்திருந்தது. பியெரோ வயலுக்குள் இறங்கி, ஒரு குத்தைப் பிடித்து, அதில் வெடித்த தூர்களை எண்ணினார். பிறகு செல்போனை வாயருகே கொண்டுபோனார்.

“உன் பெயரை அடுத்த வருடத்துக்கு எழுதுகிறேன். நான் திறந்ததை நீ மூடாதே.”

“நானே தொறக்குறேன்” என்றேன். செல்போன் அதை என்னவென்று சொன்னதோ, அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

இந்த வாரம் அந்த வயலை இரண்டாம் முறை வடியவிட வேண்டும். பலகையை எடுக்கப் போகும்போது மேரி அழைத்தாள். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, “நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு? மேட்டூரு தொறந்துட்டாங்கன்னு டிவியில காட்டுறான். டிவியில மட்டுந்தான் வந்துருக்கு. வாய்க்கால்ல ஆடு படுத்திருக்கு.”

மடையின் இரண்டு கரையிலும் கரைக்கொரு காலாக வைத்து நின்று பலகையைத் தூக்கினேன். பாதியில் நிறுத்தினேன். பிறகு முழுதும் தூக்கிவிட்டேன். தூரத்தில் கீழ்வயல்காரர் தன் வரப்பில் நின்று, எனக்குக் கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். என் கால்களுக்கு நடுவே தண்ணீர் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் மேரி, ஊரில் இன்னும் எந்தெந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.