கொடுவாவும் என் ஒரு பக்க மீசையும்

கடலில் மீன் பிடித்துவிட்டேன்! நானே! என் கையால்!

(பதுளைக்காரர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மற்ற ஊர் நண்பர்கள் தாராளமாகத் தொடரலாம். காரணம் போகப் போகத் தெரியும்.)

ரயிலே பதுளைக்கு இன்னும் வரவில்லை, பண்டாரவளையோடு நிற்கிறது. நான் மாட்டு வண்டியில் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன்!

தெரியாதவர்களுக்கு: எனக்குக் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், கொதிக்கிற கருவாட்டுக் குழம்பில் பாதி எங்கள் சரக்குதான்.

எதிரே துணிக்கடை வைத்திருப்பவன் சிதம்பரம், என் மனைவி அலமேலுவின் தம்பி. வம்பை ஆரம்பித்தவன் அவன்தான்.

"மச்சான், இத்தனை வருசமா கருவாடு விக்கிறீங்க. உசுரோட ஒரு கடல் மீனைக் கண்ணால பாத்திருக்கீங்களா?"

கடை நிறைய ஆள். எனக்குச் சுருக்கென்றது.

"பாக்கிறது என்னடா, பிடிச்சே காட்டுறேன்! பிடிக்காம வந்தா ஒரு பக்க மீசையை எடுத்துக்கிறேன்!"

(என் மீசையைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரியும். காலையில் எழுந்ததும் முதலில் மீசையைக் கவனிப்பேன், அப்புறம்தான் சாமி.)

லுணுகலை தாண்டி மலை இறங்க இறங்க வேர்த்துக் கொட்டியது. மட்டக்களப்பில் எங்களுக்குக் கருவாடு அனுப்பும் கதிராமத்தம்பி அண்ணன் வீட்டில் போய் இறங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"நடுக்கடலெல்லாம் வேணாம் முதலாளி. களப்புக்குள்ளயே கொடுவா கிடக்கு. என்ட சின்னத் தோணிய எடுங்க."

(களப்பு என்றால் கடல் கரைக்குள் புகுந்து நிற்கிற உப்புத் தண்ணீர். ஆகவே கடல்தான். வாதாட வேண்டாம்.)

சின்னத் தோணி என்றால் ஒரு மரத்தைக் குடைந்தது. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரலாம். தும்மினால் கவிழும்!

நான் தும்மவில்லை. துடுப்பை ஒரு தடவைதான் போட்டேன். தோணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்!

வாயெல்லாம் உப்பு. "முருகா! அலமேலுகிட்ட சொல்லிடுங்க!" என்று அலறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியாது.

பக்கத்துத் தோணியிலிருந்து அண்ணன் கத்தினார்: "எழும்பி நில்லுங்க முதலாளி! முழங்காலுக்குத்தான் தண்ணி கிடக்கு!"

நின்றேன். முழங்காலுக்குத்தான் இருந்தது.

மறுபடி ஏறினேன். தூண்டிலில் உயிர் இறாலைக் கோத்து, நூலைத் தோணிக் கட்டையில் சுற்றிவிட்டு, மீசையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

தோணி ஓட ஆரம்பித்தது!

சத்தியமாக நான் துடுப்பைத் தொடவில்லை! மீன் இழுக்கிறது, தோணி போகிறது, நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்! சிரிப்பை அடக்கவே முடியவில்லை. கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் சேற்றில் தட்டி நின்றதும் பாய்ந்து இறங்கினேன். நூலைப் பிடித்து இழுத்து, மீனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கொடுவா! வெள்ளிபோலப் பளபளத்தது, முகத்திலேயே ஓர் அறை விட்டது. எங்கள் கடைக்கு வருவதெல்லாம் தட்டையாகத்தான் வரும். மீன் இவ்வளவு தடியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை!

தண்ணீரிலேயே குதித்து ஆடினேன். கலியாணத்தன்று கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. (அலமேலுவும் பதுளைக்காரிதான். படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

"பச்சையா மலைக்குக் கொண்டு போக ஏலாது, வழியிலயே நாறிரும்" என்று அண்ணன் அதைப் பிளந்து, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துத் தந்தார். பத்திரமாக ஓலையில் சுற்றி எடுத்து வந்தேன். வழியெல்லாம் வண்டிக்காரனிடம் கதை. பாவம், மாட்டை விடப் பொறுமையாகக் கேட்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சனம் கடையில் நெரிகிறது. எல்லோர் முன்னாலும் ஓலையைப் பிரித்தேன்.

"என்ன மச்சான் இது?" என்றான் சிதம்பரம்.

"கொடுவாடா! நான் பிடிச்சது!"

"கருவாட்டுக் கடைக்காரர் கருவாட்டைக் கொண்டாந்து காட்டி, மீன் பிடிச்சேங்கிறீங்களே!"

கடையே குலுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் யார் இதைக் காட்டினாலும் நம்புவார்கள், என்னைத் தவிர!

அதற்குள் எவனோ ஓடிப்போய் நாவிதரையும் கூட்டி வந்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க" என்று அலமேலு உள்ளிருந்து வந்தாள். ஒரு துண்டை வெட்டித் தணலில் சுட்டு, வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"இது நம்ம கடைக் கருவாடே இல்ல."

அவள் காலில் விழாத குறை எனக்கு!

சிதம்பரம் விடவில்லை. "எப்படிக்கா அவ்வளவு உறுதியா சொல்ற?"

"வாயில வைக்க முடியுதே!"

எங்களிடமே வருஷக்கணக்காக வாங்கும் ஒரு கங்காணி வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இத்தனை நாளா எங்களுக்கு என்னத்தைங்க குடுத்தீங்க?"

கூரை வரை அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தேன். மீசையைத் தடவினேன். மறுபடி சாக்குகளைப் பார்த்தேன்.

"இவ கெடக்கா, இவளுக்கு என்னங்க தெரியும்! இது நம்ம கடைக் கருவாடுதாங்க! புதுச் சரக்கு!"

நாவிதர் கத்தியைத் தீட்டினார். கங்காணி வீட்டம்மா என் கொடுவாவில் ஒரு துண்டு வாங்கித் தின்று பார்த்துவிட்டு, "அட, நல்லாத்தான் இருக்கு! எனக்கு ஒரு சாக்கு கட்டுங்க!" என்றார். அவ்வளவுதான், அடிதடி! பொழுது சாய்வதற்குள் கடை காலி!

இப்போது காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடது பக்க உதட்டில் காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கிறது. அலமேலு என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

எல்லா லயத்திலும் இந்நேரம் குழம்பு கொதித்திருக்கும்.

நண்பர்களே, நாளைக் காலையில் கடையைத் திறக்கட்டுமா, மட்டக்களப்புக்கு வண்டி கட்டட்டுமா?