பாட்டை நிறுத்திய மிஸ்ஸி

சென்ற வெள்ளிக்கிழமை காலை, ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டு வேம்பில் ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த சின்னராசா அண்ணை கீழே நின்று, "மிஸ்ஸி மோசம் போயிட்டாவாம்" என்றார். அந்தச் சாவுச் செய்தியோடு இறங்கி அங்கேயே குந்திவிட்டேன். சண்டிலிப்பாயில் என்னை அதிகம் ஏசிய மனுஷி அவர்தான். பிறகு ஏன் அழுகிறேன் என்று அந்த வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். பரமேஸ்வரி அம்மா எங்கள் பகுதி மருத்துவமாது, ஊருக்கு மிஸ்ஸி. இதை வாசிக்கிற எங்கள் ஊரவர் பலரை முதலில் கையில் ஏந்தியவர்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மன் கோயில் கொடியேற்றம். கரண்ட் இல்லாததால் கார் பற்றரியில் நாலு ஸ்பீக்கரை அலறவிட்டிருந்தேன். கோயிலுக்குப் பின்வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைநோ. மிஸ்ஸி வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தால், கேட்பதெல்லாம் என் பாட்டுத்தான். விறுவிறென்று வந்தார். பற்றரிக் கிளிப் இரண்டையும் பிடுங்கினார். தர்மகர்த்தா பாய்ந்து வந்தார்.

"கோயில் வழமையிலை கை வைக்கிறியளோ?"

"அம்மாளாச்சிக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்குத்தான் வயித்துக்குள்ளை கிடக்கிற பிள்ளையின்ரை துடிப்புக் கேக்குதில்லை."

அந்த அமைதியில்தான் துடிப்புக் குறைவதைக் கண்டுபிடித்தார். சாமான் ஏற்றும் என் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினிலேயே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மிஸ்ஸி அதோடு விடவில்லை. பிள்ளைப்பேறோ கடும் வருத்தத்தில் படுத்த நோயாளியோ உள்ள வீட்டின் அருகே ஒலிபெருக்கி போடக்கூடாது என்று தீர்மானம் எழுதிக்கொண்டு சனசமூக நிலையக் கூட்டத்துக்கு வந்தார்.

"அப்ப எல்லாத்துக்கும் உங்களிட்டை வந்து கேக்கிறதோ?" என்றார் தர்மகர்த்தா.

"ஓம், கேளுங்கோ. பிள்ளையள் உங்கடை திருவிழா நாளைப் பாத்துப் பிறக்கிறேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கியது மூன்று பேர். கோயில் வேலை போய்விடும் என்று பயந்து நானும் கையை மடியில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாசலில் மிஸ்ஸி என்னைப் பிடித்தார்.

"கை தூக்காட்டிப் பரவாயில்லை தம்பி. சுவிச் உன்ரை கையிலைதானே கிடக்கு."

அன்றிலிருந்து எந்தக் கொண்டாட்டத்துக்கும் முதலில் மிஸ்ஸி வீட்டுக்குப் போய், எந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் யாருக்குப் பிள்ளை பிறக்கிற நாள் கிட்டுகிறது என்று கேட்பேன். அதற்கும் ஏச்சு விழும். தேவைப்பட்டால் பாட்டை நிறுத்திவிட்டு, "மெஷின் சூடாகிப் போச்சு" என்று வீட்டுக்காரருக்குப் புளுகுவேன்.

மிஸ்ஸியின் செத்தவீட்டில் தர்மகர்த்தாவே என்னிடம் வந்தார். இரங்கலுரை நாலு ஊருக்கும் கேட்கவேண்டுமாம். மூன்றாம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு விடியத் தொடக்கம் பிள்ளைநோ. இந்தமுறை நான் புளுகவில்லை.

"ஸ்பீக்கர் போடமாட்டன், ஐயா."

"ஆரின்ரை செத்தவீடெண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறியோ?"

"தெரிஞ்சபடியாத்தான்."

தர்மகர்த்தா தன் தொண்டையாலேயே பேசினார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இனி என்னைக் கோயிலுக்குக் கூப்பிடமாட்டாராம். கூப்பிடாமல் விடட்டும். மிஸ்ஸியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது கூட்டத்தில் தோற்ற அந்தத் தீர்மானத்தைத்தான். பிள்ளை பிறக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் என் ஸ்பீக்கர் பாடாது. யார் வந்து கேட்டாலும் பாடாது.