சாரல் காலத்தில் ஒரு மூட்டை கம்பு

சென்ற ஆடி மாதம், அதாவது 1963 ஆடியில், ஐந்து நாள் பயணமாகத் தென்காசிப் பக்கம் போய் வந்தேன். காரணம் இரண்டு. ஒன்று குற்றாலத்தில் நீராடுவது. இன்னொன்று, சுரண்டையை அடுத்த சிற்றூரில் உள்ள அம்மன் கோயிலுக்கு ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்ற ஒரு மூட்டை கம்பு கொடுப்பது. எங்கள் சொந்த வயலில் விளைந்த கம்புதான் கொடுக்க வேண்டும் என்பது என் கணவர் நேர்ந்துகொண்டது. அவர் காலமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. ஒரு வருடமும் நான் தவறவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் 6.50க்குப் புறப்பட வேண்டிய பாசஞ்சர் 7.05க்குப் புறப்பட்டது. தென்காசிக்கு நாற்பத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பு ஒன்றே முக்கால் ரூபாய். போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கூடவே வரும். 9.50க்கு இறங்கினேன். நிலையத்துக்கு வெளியே நின்ற குதிரை வண்டிக்காரர் குற்றாலத்துக்கு மூன்று மைலுக்கு இரண்டு ரூபாய் கேட்டார். ஒன்றேகால் என்றேன்.

"ஆச்சி, குதிரைக்கும் சேத்துல்லா கேக்கேன்."

"குதிரைக்குத்தான் ஒரு ரூபாய். உங்களுக்குக் கால்."

சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் சாரலைப் பற்றியே பேச்சு. "இந்த வருசம் வைகாசி கடைசியிலேயே சாரல் வந்துட்டு ஆச்சி. வெயிலே கெடையாது. அருவியில தண்ணி கொட்டுது, ரூம் கெடைக்கல, எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்தான்." நானும் நல்ல காலம் என்றுதான் நினைத்தேன். வைகாசிக் கடைசியில்தான் கிணற்றுத் தண்ணீரில் விளையும் எங்கள் இறவைக் கம்பு பூக்கும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

பேரருவிக்கு நடக்கும் தூரத்தில் ஒரு விடுதி, நாள் வாடகை மூன்று ரூபாய். அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எனக்கு முதலில் காட்டிய அறையில் தலையணையைத் திருப்பினேன், பின்பக்கம் பச்சை பூத்திருந்தது. வேறு அறை கேட்டு வாங்கினேன். பூஞ்சையை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் என்று அன்றைக்கு எனக்கு எண்ணம். மாலை பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. அரை மணி நேரம் நின்றேன். அறுபத்திரண்டு வயதில் அதற்கு மேல் தோள் தாங்காது.

வியாழன் காலை தென்காசியிலிருந்து சுரண்டைக்கு பஸ், பதினோரு மைல், அறுபது நயா பைசா. அங்கிருந்து இரண்டு மைல் மாட்டு வண்டி. பத்தரை மணிக்கு அந்தச் சிற்றூரில் எங்கள் களத்தில் இறங்கினேன். எங்கள் நிலத்தைப் பயிரிடுகிறவர் சுடலை. அவருடைய மனைவி மாடத்தி கோயில் மூட்டையைப் பிரித்துச் சுளகில், அதாவது முறத்தில், போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுடலையைக் காணோம்.

சுளகின் ஓரத்தில் கறுப்பாகச் சிறு குவியல் இருந்தது. கம்பைவிட நீளம், முனை கூர்மை.

"மாடத்தி, அம்மனுக்குப் போகிற மூட்டையில் எலிப் புழுக்கையா? எங்கே வைத்திருந்தீர்கள் இதை?"

அவள் நிமிரவில்லை. "எலிப் புழுக்கை இல்ல ஆச்சி. கதிர்லயே இருந்துது. பூவுல தேன் வடிஞ்சுதுன்னு காகிதம் போட்டோம்லா, அந்தக் கதிருதான். தேன் காய்ஞ்சி பொறவு இப்படிக் கறுத்துட்டு."

கடிதம் எனக்கு நினைவிருந்தது. வடமேற்கு மூலையில் கதிரில் தேன் போல வடிகிறது, எறும்பு மொய்க்கிறது, என்ன செய்ய என்று சுடலை ஆள் வைத்து எழுதிப் போட்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் அது அம்மன் கடாட்சம் என்று சொல்வதாகவும் அதில் இருந்தது. நான் மறு தபாலிலேயே பதில் எழுதினேன். கடாட்சம்தான், அந்தக் கதிர்களைத் தனியாக அறுத்துத் தனியாக அடித்துக் கோயில் மூட்டைக்கு வையுங்கள் என்று. கான்வென்டில் தாவரவியலுக்குப் பரிசு வாங்கியவள் நான். புல் இனத்துப் பூக்கள் காற்றில் மகரந்தம் சேர்ப்பவை, அவற்றில் தேன் கிடையாது என்று வரைபடத்தோடு எழுதியவள். கம்பும் புல் இனம்தான். கடிதம் எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை. என் வயலுக்கு அருள் வந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"சுடலை எங்கே?"

மாடத்தி சுளகைக் கீழே வைத்தாள். "படுத்துக் கெடக்காவ. அந்தக் கதிரு அடிச்ச எடத்துல சிந்தினதக் கூட்டிப் பெருக்கிக் கூழு காய்ச்சினேன். நான் ஒரு வாய்தான் குடிச்சேன், அவிய ரெண்டு செம்பு. வாந்தி. பொறவு ஒரே தூக்கம். ரெண்டு நாளா எழுப்பினா கண்ணைத் தொறந்துட்டுத் திரும்பத் தூங்குதாவ. ஊர்ல கள்ளச் சாராயம்னு பேசுதாங்க."

"நீ ஏன் கம்பைச் சொல்லவில்லை?"

"அம்மன் கம்பை எப்படி ஆச்சி குத்தம் சொல்ல? நீங்க எழுதினதுல்லா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை மாட்டு வண்டிக்காரன் வழியில் "சுடலை குடிச்சிட்டுக் கெடக்கான்" என்று சொன்னபோது நானும் தலையாட்டிக்கொண்டுதான் வந்தேன்.

போய்ப் பார்த்தேன். சுடலை எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். பேச்சு குழறவில்லை, வாயில் வாடை இல்லை, கை மட்டும் நடுங்கியது. அதே வண்டியில் அவரைச் சுரண்டைக்கு டாக்டரிடம் அனுப்பினேன். விவசாயத்துக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியரான கிராம சேவக்கை உடனே அனுப்பி வைக்கும்படி வண்டிக்காரனிடம் சொன்னேன்.

கிராம சேவக் ஒரு மணிக்குச் சைக்கிளில் வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. கறுப்பு மணி ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். "இது எர்காட்ங்க. ஒரு பூஞ்சை. பூக்கும்போது மேகமும் தூறலுமா இருந்தா பிடிக்கும். முதல்ல தேன் மாதிரி வடியும், அப்புறம் மணி இருக்க வேண்டிய இடத்துல இது வளரும். விஷம். வாந்தி, கிறுகிறுப்பு, தூக்கம். இதைத் தனியா அறுத்து வச்சது யாரு?"

"நான்தான்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒதுக்கி எரிக்கிறதுக்குத் தனியா அறுக்கச் சொல்லுவோம். நீங்க..."

"நான் அம்மனுக்கு வைக்க அறுத்தேன். மேலே சொல்லுங்கள்."

வழி ஒன்று உண்டு என்றார். பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ உப்பு கரைத்து, கம்பைக் கொட்டிக் கிளறினால் எர்காட் மிதக்கும், நல்ல மணி அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, கம்பை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

இதற்குள் பூசாரி வந்துவிட்டார். என் கணவர் காலத்திலிருந்து இருப்பவர். "உப்பாம்மா? அம்மனுக்கு விடுத தானியத்துல உப்பு படலாமா? படைச்ச பொறவுதான் கூழுக்கே உப்பு போடுதோம்."

"அப்படியானால் கடையில் வாங்கிக் கொடுக்கிறேன்."

"நேந்தது சொந்த வயல் கம்புல்லா? ஐயா இருந்தா சம்மதிப்பாகளா?"

அது என்னைத் தைத்தது. உப்புத் தண்ணீரில் போட்டாலும் அது எங்கள் வயல் கம்புதானே என்று கிராம சேவக்கைப் பார்த்தேன். "இந்த மூட்டை தேறுமா? உள்ளதைச் சொல்லுங்கள்."

அவர் ஒரு கை அள்ளிக் காட்டினார். "உங்க மற்ற மூட்டைகளையும் பாத்தேன், அங்கொன்னு இங்கொன்னுதான், அதுக்கு உப்புத் தண்ணி போதும். இது மூலைக் கதிர் மட்டும். மாடு மிதிச்சு பாதி நொறுங்கித் தூளாயிருக்கு. தூள் எல்லாம் மிதக்காது. என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்."

மறுநாள் கூழுக்கு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மூன்று முறை வாங்குவார்கள். பெரிய ஆளான சுடலைக்கு இரண்டு செம்பில் இந்த நிலை.

"பூசாரி, இந்த மூட்டை கோயிலுக்கு வராது."

"அம்மன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கும் அம்மனுக்கும் நடுவில் நீங்கள் வர வேண்டாம்."

பிற்பகலில் சுரண்டை போனேன். முதலில் டாக்டரிடம். சுடலைக்குத் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார், தெளிந்துவிடும் என்றார். பிறகு தானியக் கடை. தை மாதம் வெயிலில் அறுத்த மானாவாரிக் கம்பு கேட்டேன். வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமை இழந்தார். "ஆச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்கிய!"

"பெண்ணை இவ்வளவு பார்க்க வேண்டாம். கம்பைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்டாக்கள் இறங்கின. அந்தக் கோயிலில் கூழ் ஊற்றுமுன் கம்பு யார் வயலுடையது என்று பூசாரி உரக்கச் சொல்வது வழக்கம். பதினெட்டு ஆடிகளாக என் கணவர் பெயர் சொல்லப்பட்டது. அவர் போன பிறகும் அவர் பெயர்தான். அதைக் கேட்கத்தான் நான் பாளையங்கோட்டையிலிருந்து போகிறேன் என்றால் பொய்யில்லை. இந்த முறை நானே முன்னால் போய் நின்றேன். "இது சுரண்டைக் கடைக் கம்பு. எங்கள் வயல் கம்பு கெட்டுப்போய்விட்டது. கெட்டதைத் தனியாக எடுத்து அம்மனுக்கு வைக்கச் சொன்னது நான். சுடலை குடிக்கவில்லை. அந்தக் கம்பில் கூழ் குடித்துத்தான் விழுந்தார். அவரைப் பேசியவர்களில் நானும் ஒருத்தி" என்றேன்.

கூழை வாங்க ஒருவரும் முன்னால் வரவில்லை. எனக்கு அது புரிந்தது. பூசாரியிடம் ஒரு செம்பு வாங்கி, எல்லோரும் பார்க்க நின்றபடியே குடித்து முடித்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் பொது இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அடுத்து சுடலை வந்தார், மாடத்தி தோளைப் பிடித்தபடி. செம்பை வாங்கிக் கூழை உற்றுப் பார்த்தார். "ஆச்சி, இது தூங்க வைக்காதுல்லா?"

"வைத்தால் நானும் உங்களோடு தூங்கி விழுவேன், குடியுங்கள்" என்றேன். மாடத்திதான் முதலில் சிரித்தாள். பிறகு வரிசை நகர்ந்தது.

அந்த மூட்டையை மாலையில் எரித்துச் சாம்பலை ஆழமாகப் புதைத்தோம். மாட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது. சனிக்கிழமை மற்ற மூன்று மூட்டைகளையும் உப்புத் தண்ணீரில் போட்டோம். மாடத்தி மிதந்ததை அரித்தாள், நான் உப்பு அளவு சொல்லி, எத்தனை முறை அலசினோம் என்று எண்ணினேன், ஒரு முறை எண்ணிக்கை தவறிவிட்டதாக அவள் என்னைத் திருத்தினாள், அவள் சொன்னதுதான் சரி. இந்த விளைச்சலில் விதை எடுப்பதில்லை என்றும், அந்த மூலையை ஆழ உழுது அடுத்த பட்டத்தில் உளுந்து போடுவது என்றும் முடிவு செய்தோம்.

ஞாயிறு காலை ஐந்தருவியில் நீராடிவிட்டுப் பிற்பகல் ரயிலில் திரும்பினேன். போக வர, தங்க, சாப்பிட எனக்கு முப்பத்திரண்டு ரூபாய் ஆனது. குற்றாலம் போக ஆனி, ஆடி இரண்டுமே நல்லவை. சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வார நடுவில் போங்கள். மாற்றுப் புடவை இரண்டு அதிகம் வைத்துக்கொள்ளுங்கள், துணி உலராது. ஊரிலிருந்து தானியமோ மாவோ கொண்டு போனால் இறுக்கி மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள், சாரல் முந்தி வந்த வருடம் வண்டிக்காரர்கள் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், வயலில் கதிர் எப்படி இருக்கிறது என்று போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அருள் இல்லை. உங்களிடம் யாராவது கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினால், பதிலை மறு தபாலில் எழுதாதீர்கள்.